எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவே

பழைய அம்பாசடரில் எஞ்சின் மாற்ற முடிவெடுப்பவர்கள் மாதக்கணக்கில் விவாதிப்பார்கள். எந்த எஞ்சின், எந்த கியர்பாக்ஸ், ரேடியேட்டர் தாங்குமா, புரொப்பல்லர் ஷாஃப்டை எவ்வளவு வெட்டுவது என்று எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. எஞ்சினைப் பாடியோடு சேர்க்கும் மவுண்டிங்குகளைப் பற்றிய பேச்சு மட்டும் எஞ்சின் செயின் பிளாக்கில் தொங்கும்போதுதான் வரும். அந்த நேரத்தில் கைக்கு எது அகப்படுகிறதோ அது உள்ளே போய்விடும். வேலை முடிந்த வண்டியில் உட்காருபவர் வருஷக்கணக்கில் அனுபவிக்கப்போவது அந்தக் கடைசி நேரத் தேர்வைத்தான். அதனால் இதை முதலில் தீர்மானிக்க வேண்டும் என்பது என் கட்சி. எதைத் தேர்வது என்பதற்கும் தெளிவான விடை இருக்கிறது.

தளி, தேன்கனிக்கோட்டை, ஓசூர் வட்டாரம் இந்த வேலைக்குத் தோதான மண். 1980ஐ ஒட்டி அசோக் லேலண்டும் டிவிஎஸ்ஸும் ஓசூரில் காலூன்றின. அவற்றைச் சுற்றி லேத், மில்லிங், வெல்டிங், ரப்பர் வார்ப்பு என்று சிறு பட்டறைகள் வளர்ந்தன. கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம் ஜிகணியும் பொம்மசந்திராவும் இருக்கின்றன. இன்னும் கொஞ்சம் போனால் பெங்களூரின் ஜே.சி. சாலையில் பழைய எஞ்சினும் கிடைக்கும், உதிரியும் கிடைக்கும். பெரிய நகரங்களில் ஆர்வலர்கள் வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் ஒரு மவுண்டிங்கை இங்கே படம் வரைந்து கொடுத்து வார்த்து வாங்கிவிடலாம். இந்த வசதி தீர்ப்பையே மாற்றுகிறது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

அம்பாசடரை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. அதில் எஞ்சினை முதலில் மாற்றியவர்கள் பட்டறைக்காரர்கள் அல்ல, ஹிந்துஸ்தான் மோட்டார்ஸேதான். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் மூன்றாம் வரிசையிலிருந்து வந்த இந்தக் கார் பழைய சைடு வால்வு எஞ்சினோடு வாழ்க்கையைத் தொடங்கி, விரைவிலேயே பிரிட்டிஷ் நிறுவனமான பிஎம்சியின் 1489 சிசி பெட்ரோல் எஞ்சினுக்கு மாறியது. மார்க் 4 காலத்தில் அதே பாடிக்குள் பிஎம்சி டீசல் எஞ்சினை இறக்கினார்கள். 1990களின் தொடக்கத்தில் இசுசுவின் 1.8 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் ஐந்து கியரோடு வந்தது. பிறகு இசுசுவின் 2 லிட்டர் டீசல். 2014 மே மாதம் உத்தர்பாராவில் உற்பத்தி நிற்கும்வரை பாடியின் அடிப்படை மாறவேயில்லை. ஒரே கூட்டுக்குள் இத்தனை எஞ்சின்கள் குடிபோன கார் இந்தியாவில் வேறெது? ஆகவே இதில் எஞ்சின் மாற்றுவது வண்டியின் சுபாவத்துக்கு விரோதமான காரியம் இல்லை. ஆனால் தொழிற்சாலையால் ஒவ்வொரு எஞ்சினுக்கும் மவுண்டிங் ஏற்பாட்டைத் தனியாக வகுக்க முடிந்தது. நம் பட்டறைகளில் அந்தப் படிதான் விட்டுப்போகிறது.

மவுண்டிங்குக்கு மூன்று வேலைகள். எஞ்சினின் எடையைச் சுமக்க வேண்டும். முறுக்குவிசையின் எதிர்விசையில் எஞ்சின் புரளாமல் பிடிக்க வேண்டும். எஞ்சினின் நடுக்கம் பாடிக்குள் போகாமல் தடுக்க வேண்டும். முதல் இரண்டும் கெட்டியான பொருளைக் கேட்கின்றன, மூன்றாவது இளகிய பொருளைக் கேட்கிறது. பொருள் தேர்வில் எழும் சண்டையெல்லாம் இந்த முரணிலிருந்து வருபவைதான்.

நான்கு சிலிண்டர் எஞ்சின் இயல்பிலேயே நடுங்கும். பிஸ்டன்களின் ஏற்ற இறக்கம் ஒன்றையொன்று முழுதாக ஈடுசெய்வதில்லை. கிராங்க் ஒருமுறை சுழல்வதற்குள் இரண்டு உதறல் மிஞ்சும். எரிப்பும் சுற்றுக்கு இரண்டு. 1931இல் கிரைஸ்லர் நிறுவனம் பிளிமத் காரில் ஃப்ளோட்டிங் பவர் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது இந்த உதறலை அடக்கத்தான். எஞ்சினின் எடைமையத்தின் வழியே போகும் ஒரு அச்சைச் சுற்றி அது ஆட அனுமதித்து, ரப்பரின் மேல் உட்காரவைத்தார்கள். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் பிரான்சின் சித்ரோயன் உரிமம் வாங்கித் தன் கார்களில் அதையே பயன்படுத்தியது. ரப்பரை வைத்ததோடு அவர்கள் நின்றுவிடவில்லை, அதை எங்கே வைப்பது என்பதையும் கணக்கிட்டார்கள். இந்த இரண்டாவது பாதியை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

இனி கணக்குக்கு வருவோம், ஏனென்றால் கணக்கில்லாமல் இந்த வழக்கு தீராது. 800 ஆர்பிஎம்மில் ஐட்லிங் ஓடும் நான்கு சிலிண்டர் எஞ்சின் நொடிக்கு 13.3 முறை சுழல்கிறது. சுற்றுக்கு இரண்டு உதறல் என்றால் 26.7 ஹெர்ட்ஸ். மவுண்டிங்கின் மேல் உட்கார்ந்த எஞ்சினுக்கும் தனக்கென்று ஓர் இயல் அதிர்வெண் உண்டு. உதறலின் வேகம் அந்த அதிர்வெண்ணைப்போல் 1.4 மடங்கைத் தாண்டினால்தான் மவுண்டிங் தடுக்கத் தொடங்கும். அதற்குக் கீழே அது தடுப்பதற்குப் பதில் பெருக்கும். மவுண்டிங்கை 10 ஹெர்ட்ஸில் அமைத்தால் ஐட்லிங் உதறலில் சுமார் 16 சதவீதம்தான் பாடிக்குப் போகும். அதே வடிவத்தில் நான்கு மடங்கு விறைப்பான பொருளை வைத்தால் இயல் அதிர்வெண் 20 ஹெர்ட்ஸ் ஆகிவிடும். அப்போது பாடிக்குப் போவது 129 சதவீதம். அதாவது எஞ்சின் உதறுவதைவிடப் பாடி அதிகம் வாங்கிக்கொள்கிறது. பொருளின் உள்தணிப்பைக் கணக்கில் சேர்த்தாலும் அது 120க்குக் கீழே இறங்காது.

இந்த நான்கு மடங்கு நான் வசதிக்காகப் பிடித்த எண் அல்ல. நல்ல ரப்பர் மவுண்டிங்கின் கடினம் ஷோர் ஏ அளவில் 50 சுற்றளவில் இருக்கும். கடைகளில் விற்கும் பாலியூரித்தேன், பட்டறைப் பேச்சில் பியூ, 80லிருந்து 90 வரை போகும். இந்த அளவுகோல் நேர்கோட்டில் ஏறுவதில்லை. ரப்பரிலேயே 50லிருந்து 70க்குப் போனால் வெட்டுவிசைக்கு எதிரான விறைப்பு ஏறத்தாழ 2.7 மடங்காகிவிடும். 80 என்றால் நான்கு மடங்கு என்பது குறைத்துச் சொன்ன மதிப்பீடுதான்.

பியூவுக்கு ஆதரவாகச் சொல்லப்படுவதை அதன் முழு வலுவோடு வைக்கிறேன், ஏனென்றால் அதைச் சொல்பவர்கள் விவரமில்லாதவர்கள் அல்ல. எண்ணெய் பட்டால் பியூ ஊறாது. பழைய பிஎம்சி எஞ்சினோடு பழகியவர்களுக்கு எண்ணெய்க் கசிவு எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். வருஷம் போனாலும் அவ்வளவாகத் தொய்யாது. கிளட்சை விட்டதும் எஞ்சின் ஒரு பக்கம் தூக்கி ரேடியேட்டர் ஹோஸை இழுக்கிற, ஃபேன் போய் உரசுகிற தொல்லை போய்விடும். முக்கியமாக, தரையில் நிற்கும் கியர் லீவர் ஆடாது. 2400 ஆர்பிஎம்மில் உதறல் 80 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடுவதால் என் கணக்கின்படியே ரப்பர் 1.6 சதவீதம் கடத்துகிறது, பியூ 6.7 சதவீதம் கடத்துகிறது. ஓடுகிற வண்டியில் இரண்டுமே சொற்பம். கிருஷ்ணகிரி நோக்கி 80 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர் பியூவைக் குறை சொல்ல மாட்டார்.

எல்லாம் உண்மை. ஆனால் லாபம் எவ்வளவு என்று அளந்து பார்க்க வேண்டும். எஞ்சின் 100 நியூட்டன் மீட்டர் முறுக்கு தருகிறது, முதல் கியர் 3.5 மடங்கு என்று வைத்துக்கொள்வோம். கியர்பாக்ஸ் எஞ்சினோடு போல்ட் பூட்டப்பட்டிருப்பதால் மவுண்டிங்குகள் தாங்க வேண்டியது 350 நியூட்டன் மீட்டர். முன் மவுண்டிங்குகளுக்கு இடையே அரை மீட்டர் என்றால், ஒரு பக்கம் சுமார் 70 கிலோ கூடுதலாக அழுத்துகிறது, மறுபக்கம் 70 கிலோ தூக்குகிறது. ஒவ்வொரு முன் மவுண்டிங்கும் 70 கிலோ எடை சுமப்பதாகக் கொண்டால் 10 ஹெர்ட்ஸ் ரப்பர் இந்தக் கூடுதல் பாரத்துக்கு 2.5 மில்லிமீட்டர் அசையும். அச்சிலிருந்து 40 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும் கியர் குமிழ் பக்கவாட்டில் 4 மில்லிமீட்டர் நகரும். பியூ போட்டால் அது 1 மில்லிமீட்டராகும். கியர்பாக்ஸின் கீழுள்ள மவுண்டிங் பங்கெடுத்துக்கொள்வதால் நிஜத்தில் இரண்டுமே இதைவிடக் குறையும். ஆக, முழு முறுக்கில் முதல் கியரில் போகும் சில நொடிகளில் குமிழில் 3 மில்லிமீட்டர் அசைவைக் குறைத்துக்கொள்கிறோம். அதற்கு விலையாக, வண்டி நிற்கும் ஒவ்வொரு நிமிஷமும் எட்டு மடங்கு நடுக்கத்தை ஏற்கிறோம்.

இந்த வட்டாரத்து வண்டி எங்கே நிற்கிறது என்பதும் கேட்கப்பட வேண்டிய கேள்வி. தளியிலிருந்து கிளம்பினால் கிரானைட் லாரிகளுக்குப் பின்னால் இரண்டாம் கியரில் ஊர்தல். ஓசூரைத் தாண்டினால் அத்திப்பள்ளி, சந்தாபுரா, பொம்மசந்திரா என்று நெரிசலில் ஐட்லிங். எஞ்சின் மாற்றுகிறவர் அநேகமாக ஏசியும் போடுவார். கம்ப்ரெஸர் இழுக்கும்போது ஐட்லிங் இன்னும் இறங்கி பியூ பெருக்குவதன் உச்சத்துக்கு நெருங்கும். இதற்குப் பட்டறையில் செய்யும் பரிகாரம் ஐட்லிங்கை 1000க்கு ஏற்றி வைப்பது. அப்போதும் பியூ 56 சதவீதம் கடத்துகிறது. கூடவே பெட்ரோல் வீணாகிறது. தவறான மவுண்டிங்கை மறைக்க எஞ்சினை வேகமாக ஓட்டுவதை நான் தீர்வாக ஏற்கமாட்டேன்.

அம்பாசடரோ பிரீமியர் பத்மினியோ, இரண்டுமே தனிச் சேஸ் இல்லாத ஒற்றைக்கூட்டு பாடி. ஜீப்பில் சேஸுக்கும் பாடிக்கும் நடுவே இன்னொரு அடுக்கு ரப்பர் இருக்கிறது. எஞ்சின் மவுண்டிங் கடத்துவதை அது கொஞ்சம் விழுங்கும். இங்கே அந்த இரண்டாவது காவல் இல்லை. ஸ்பாட் வெல்டுகளும் ஐம்பது வருஷத் துருவும்தான் நடுக்கத்தை நேரடியாக வாங்குகின்றன. கெட்டி மவுண்டிங் போட்ட பழைய பாடியில் முதலில் டாஷ்போர்டு கடகடக்கும், பிறகு பிராக்கெட் பூட்டிய தகட்டின் ஓரத்தில் மயிரிழை விரிசல் வரும். ஜீப்பில் பியூ நன்றாக இருந்ததே என்று சொல்லிக்கொண்டு அதை அம்பாசடருக்குள் கொண்டுவருபவர்கள் இந்த வித்தியாசத்தை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இரும்பையோ அலுமினியத்தையோ நேராகப் பூட்டும் கெட்டி மவுண்டிங்கைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில், சில சுற்று ஓடி ஒவ்வொரு பந்தயத்துக்குப் பிறகும் அக்கக்காகக் கழற்றிப் பார்க்கிற வண்டிக்கு அது சரி. சாலை வண்டிக்கு வேண்டாம். 1980களிலிருந்து கார்களில் பரவிய திரவ மவுண்டிங் மறுமுனை. உள்ளே கிளைக்கால் கலவை நிரம்பியது. குறிப்பிட்ட அதிர்வெண்ணில் கூடுதல் தணிப்பும் மற்ற இடங்களில் இளக்கமும் தரும். அது பொறியியல் அழகு என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அது ஒரு குறிப்பிட்ட எஞ்சினின் எடைக்கும் ஒரு குறிப்பிட்ட பாடிக்கும் ஸ்ருதி கூட்டப்பட்டது. பாடியை மாற்றினால் அந்த ஸ்ருதி கலைந்துவிடும். முன்சக்கரம் இழுக்கும் கார்களிலிருந்து எடுத்த மவுண்டிங்குக்கும் இதே ஆட்சேபம். குறுக்கே அமர்ந்த எஞ்சினுக்கு டிஃபரென்ஷியலின் எதிர்விசையும் சேர்ந்து வருவதால் அதன் மவுண்டிங் வேறொரு வேலைக்கு வார்க்கப்பட்டது.

நம் ஊரில் மட்டும் போட்டியிடும் வேட்பாளர் ஒன்று உண்டு: பழைய லாரி டயரிலிருந்தோ கன்வேயர் பெல்ட்டிலிருந்தோ வெட்டிய துண்டு. குவாரிகளும் ஆலைகளும் இருக்கும் இடத்தில் அது சும்மாவே கிடைக்கும். ரப்பர்தானே, வலுவாக இருக்கிறதே என்ற வாதம் முதல் பார்வைக்கு நியாயமாகவே படும். அதன் தோல்விக்கு இரண்டு காரணங்கள். 10 மில்லிமீட்டர் தடிமனுள்ள, நூல் அடுக்குகள் ஓடும் துண்டு எஞ்சின் எடைக்கு அரை மில்லிமீட்டர்கூட அமுங்குவது சந்தேகம். அரை மில்லிமீட்டர் என்று தாராளமாக வைத்தாலும் இயல் அதிர்வெண் 22 ஹெர்ட்ஸ். பியூவைவிட மோசம். அடுத்து, மேலே பார்த்த கணக்கில் ஒரு பக்க பாரம் பூஜ்யத்துக்கு இறங்குகிறது. கிளட்ச் உதறினால் இழுவிசையாகவே மாறுகிறது. இரும்புத் தகட்டோடு வல்கனைஸ் செய்து ஒட்டிய ரப்பர் அந்த இழுப்பைத் தாங்கும். நடுவே போல்ட் நுழைத்த டயர்த் துண்டால் முடியாது. எல்லா இழுப்பும் போல்ட்டுக்குப் போய், இரும்பும் இரும்பும் இடிக்கும்.

இயற்கை ரப்பர் பக்கமும் குற்றங்கள் இருக்கின்றன, மறைக்க மாட்டேன். எஞ்சின் ஆயிலில் ஊதிப்போகும். 70, 80 டிகிரிக்கு மேல் நீண்ட காலம் இருந்தால் கெட்டிப்பட்டு வெடிக்கும். எக்ஸாஸ்ட் பக்கத்து மவுண்டிங் முதலில் சாவதற்கு அதுதான் காரணம். தணிப்புக் குறைவு என்பதால் குண்டும் குழியுமான சாலையில், சக்கரம் துள்ளும் அதிர்வெண்ணும் மவுண்டிங்கின் 10 ஹெர்ட்ஸும் நெருங்கும்போது, எஞ்சின் தனியாகக் குதிப்பது தெரியும். தேன்கனிக்கோட்டைப் பக்கத்து உட்சாலைகளில் இது கற்பனையான குறை இல்லை. இவை எல்லாவற்றையும்விடப் பெரிய குற்றம் சந்தையில் இருக்கிறது. உற்பத்தி நின்றுபோன காருக்குக் கிடைக்கும் ரப்பர் மவுண்டிங் அலமாரியிலேயே பல வருஷம் கிடந்து இறுகியிருக்கும், அல்லது மறுசுழற்சி ரப்பர் கலந்த மலிவுச் சரக்காக இருக்கும். பியூவுக்கு மாறியவர்களில் பெரும்பாலோர் தோற்றது நல்ல ரப்பரிடம் அல்ல, இந்தச் செத்த ரப்பரிடம்தான் என்பது என் முடிவு. அவர்களுடைய அனுபவம் உண்மை. அதிலிருந்து எடுத்த முடிவு தவறு.

ஓசூரின் வசதி இங்கேதான் எடையை மாற்றுகிறது. வார்ப்புப் பட்டறையில் புதிதாக வார்த்து வாங்கினால் சந்தையின் குற்றம் விலகிவிடும். நடுவே ஒரு தகட்டு மறைப்பு கொடுத்தால் எக்ஸாஸ்ட் வெப்பம் அடங்கும். வால்வு கவர் கேஸ்கெட்டையும் ஆயில் சீலையும் மாற்றாமல் எஞ்சினை இறக்கக் கூடாது என்பது எப்படியும் சரியான விதி. பியூவின் குற்றம் இப்படி விலகாது, ஏனென்றால் அது பியூவின் விறைப்பிலேயே இருக்கிறது. இளகிய பியூ வார்க்க முடியாதா என்றால், முடியும். ஆனால் அதன் விறைப்பு அதிர்வின் வேகத்தோடு ரப்பரைவிட அதிகம் ஏறுகிறது. கையால் அழுத்தும்போது தெரியும் இளக்கம் எஞ்சின் ஓடும்போது இருப்பதில்லை. எஸ்டர் வகை பியூ என்றால் வெப்பமும் ஈரமும் சேர்ந்து அதைச் சிதைக்கும். ஈதர் வகையா என்று கேட்டு வாங்குபவர்கள் சிலர்தான்.

ஆகவே தீர்ப்பு இயற்கை ரப்பருக்கே. முன் மவுண்டிங் இரண்டும் ஷோர் ஏ 45லிருந்து 55க்குள், இரும்புத் தகடுகளுக்கு நடுவே வல்கனைஸ் செய்து ஒட்டியதாக, நேராகப் படுக்க வைக்காமல் உள்நோக்கிச் சாய்த்து வைத்ததாக இருக்க வேண்டும். சாய்வு முக்கியம். ஒரே ரப்பர் அழுத்தத்தில் விறைப்பாகவும் வெட்டுவிசையில் இளகியும் நடந்துகொள்ளும். எடையைச் சுமக்கும் திசையில் ஒன்றும் எஞ்சின் ஆடும் திசையில் மற்றொன்றும் கிடைக்கும்படி சாய்வு பிரித்துக் கொடுக்கிறது. பியூவுக்கும் ஒரு நியாயமான இடம் உண்டு: எல்லை தாண்டினால் மட்டும் தடுக்கும் முட்டுக்கட்டையாக. ரப்பர் 6, 7 மில்லிமீட்டர் அசைந்த பிறகே தொடும்படி ஒரு பியூ கட்டையைப் பிராக்கெட்டில் வைத்தால், பள்ளத்தில் விழும்போதும் கிளட்ச் உதறும்போதும் அது காக்கும், ஐட்லிங்கில் அது தொடவே தொடாது. கசிவை நிறுத்தவே முடியாத பழைய எஞ்சின் என்றால் இயற்கை ரப்பருக்குப் பதில் நியோப்ரீன். தணிப்பிலும் ஆயுளிலும் ஒரு படி மாறினாலும் எண்ணெயைத் தாங்கும், கடினத்தையும் அதே 50இல் வைத்துக்கொள்ளலாம். டீசல் எஞ்சினுக்குத் தீர்ப்பு இன்னும் உறுதியாகிறது, ஏனென்றால் ஐட்லிங் உதறல் அதில் கடுமையானது.

சரியாக அமைந்ததா என்று தெரிந்துகொள்ள ஒரு வெர்னியரைத் தவிரக் கருவி எதுவும் வேண்டாம். எஞ்சின் செயினில் தொங்கும்போது மேல் தகட்டுக்கும் கீழ்த் தகட்டுக்கும் உள்ள இடைவெளியை வெர்னியரால் அளந்துகொள்ள வேண்டும். செயினை முழுதாகத் தளர்த்திய பிறகு மறுபடி அளக்க வேண்டும். 3 மில்லிமீட்டர் சுற்றளவு இறங்கியிருந்தால் 10 ஹெர்ட்ஸ் அருகே வந்துவிட்டோம். ஒரு மில்லிமீட்டர்கூட இறங்கவில்லை என்றால், உறையில் என்ன எழுதியிருந்தாலும் அது கெட்டி மவுண்டிங்தான். வெறும் அழுத்தத்தில் 3 மில்லிமீட்டர் இறங்கி ரப்பர் அலுக்காமல் இருக்க வேண்டுமானால் அதன் தடிமன் 20லிருந்து 30 மில்லிமீட்டராவது வேண்டும். வார்ப்புக்குப் படம் வரையும்போதே இதைச் சொல்லிவிட வேண்டும். எஞ்சினிலிருந்து பாடிக்குத் தடித்த எர்த் வயர் ஒன்றும் மறக்கக் கூடாது. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. எர்த் இல்லையென்றால் ஸ்டார்ட்டர் மோட்டாரின் மின்னோட்டம் ஆக்ஸிலேட்டர் கேபிளின் வழியே போய் அதைக் கருக்கிவிடும்.

பிராக்கெட்டைப் பற்றி ஒரே கோரிக்கை: பாடியோடு வெல்ட் செய்யாதீர்கள், பழைய துளைகளிலேயே போல்ட் போடும்படி செய்யுங்கள். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி எஞ்சின் மாற்றத்துக்குப் பதிவு அதிகாரியின் ஒப்புதல் வேண்டும், ஆர்சியிலும் ஏற வேண்டும். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவைக் கறாராகவே பொருள்கொண்டது. டிஎன் 70 பலகையோடு தினம் கர்நாடக எல்லையைக் கடக்கும் வண்டிக்கு இந்தக் காகிதம் இரண்டு மாநிலத்திலும் தேவைப்படும். 2021இல் வந்த விண்டேஜ் விதிகள் ஐம்பது வயது கடந்த, சேஸிலும் பாடியிலும் எஞ்சினிலும் பெரிய மாற்றம் செய்யாத வண்டிக்குத்தான் தனிப் பதிவு தருகின்றன. மார்க் 2 அம்பாசடர்கள் அநேகமாக எல்லாம் அந்த வயதைத் தொட்டுவிட்டன. பழைய 1489 சிசி எஞ்சினை ஆயில் ஊற்றிக் கொட்டகையில் வைத்திருந்து, பாடியில் ஒரு வெட்டும் விழாமலிருந்தால், பிராக்கெட்டுகளைக் கழற்றி அந்த எஞ்சினை மறுபடி அதன் இடத்தில் உட்காரவைக்க முடியும். அப்போது அதற்கும் புதிதாக வார்த்த ரப்பரையே போடுங்கள்.